ஸ்டீயரிங் ஏன் திடீரென்று கனக்கிறது?

இன்ஜின் ஓடாத காரின் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரியும். இரண்டு கையாலும் பிடித்து, தோளை முன்னால் கொடுத்து, முழு பலத்தையும் போட்டால்தான் கொஞ்சம் அசையும். அதே காரை நாலு பேர் பின்னாலிருந்து தள்ளி மெல்ல உருளவிட்டால் ஸ்டீயரிங் ஓரளவு இளகும். இன்ஜினை ஓடவிட்டாலோ ஒற்றைக் கையால் சுழற்றலாம். கார் அதே கார், சக்கரமும் அதே சக்கரம். பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்?

இதற்கு விடை தெரிந்தால், செய்தித்தாளில் அவ்வப்போது வரும் ஒரு செய்தியும் விளங்கிவிடும். பவர் ஸ்டீயரிங்கில் குறைபாடு என்று சொல்லி ஒரு நிறுவனம் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்கிறது என்ற செய்தி அது. படித்ததும் இரண்டு சந்தேகங்கள் எழும். அத்தனை லட்சம் கார்களுமா கெட்டுப்போயின? தொழிற்சாலையிலேயே சோதித்துப் பார்த்து அனுப்பியிருக்க மாட்டார்களா? இரண்டுக்கும் பதில் உண்டு. அந்தப் பதிலில் இயந்திரவியலும் வேதியியலும் புள்ளியியலும் கலந்திருக்கின்றன. கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வேலையும் இருக்கிறது.

ரப்பருக்கும் சாலைக்கும் நடக்கும் மல்லுக்கட்டு

ஒரு கார் டயர் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவுதான். முன்சக்கரங்கள் இரண்டும் இன்ஜினின் எடையையும் சேர்த்துத் தாங்குவதால், அந்த உள்ளங்கையளவு ரப்பர் தரையோடு நன்றாக அழுந்திப் பிடித்திருக்கும். நிற்கும் காரின் சக்கரத்தைத் திருப்புவது என்றால், அந்த ரப்பரை அதே இடத்தில் வைத்துத் தரையோடு தேய்த்து முறுக்குவது என்று பொருள். திருப்பத் திருப்ப ரப்பரில் முறுக்கு சேர்ந்துகொண்டே போகும். நம் கை எதிர்கொள்ளும் கனம் அதுதான்.

கார் உருளும்போது கதை மாறுகிறது. ஒவ்வொரு கணமும் பழைய ரப்பர் தரையை விட்டு மேலே போய், புதிய ரப்பர் வந்து தொடுகிறது. முறுக்கு சேரச் சேர அவிழ்ந்துவிடுகிறது. அதனால்தான் தள்ளிய காரின் ஸ்டீயரிங் இளகுகிறது. காரை நிறுத்த இடம் தேடி ஊர்ந்து போகும்போது ஸ்டீயரிங்குக்கு அதிக பலம் வேண்டும்; நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மிகக் கொஞ்சம் போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் ஸ்டீயரிங் எப்போது கெட்டால் எப்படி ஆபத்து என்பதைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில் இந்தக் கனத்தைச் சமாளிக்க இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, ஸ்டீயரிங் வளையத்தைப் பெரிதாக்குவது. அம்பாசடர் காரின் அகன்ற வளையம் ஞாபகம் இருக்கலாம். இன்னொன்று, உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை மாற்றி, ஒரே திருப்பத்துக்கு அதிகச் சுற்றுகள் சுற்றவைப்பது. இரண்டிலும் கைக்குப் பலம் மிச்சமாகும், ஆனால் வேகம் போய்விடும். எதிரே திடீரென்று மாடு வந்தால் சட்டென்று வளைக்க முடியாது.

கையோடு சேர்ந்து திருப்பும் துணைவிசை

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். லாரி ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்த அனுபவத்திலிருந்து, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கை 1926-இல் உருவாக்கிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் முதலில் ஆர்வம் காட்டி, செலவு அதிகம் என்று 1934-இல் கைவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கனத்த ராணுவ வண்டிகளுக்கு இந்த நுட்பம் பயன்பட்டது. சாதாரண மக்கள் கடையில் வாங்கக்கூடிய காரில் அது வந்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியல் காரில்.

எண்ணெய் முறையில் ஒரு குறை உண்டு. இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்த பம்பு எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். நேர்ச் சாலையில் திருப்ப வேண்டிய தேவையே இல்லாதபோதும் அது எரிபொருளைத் தின்னும். இதற்கு மாற்றாக மின்மோட்டாரைக் கொண்டு உதவும் முறை 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற சிறிய காரில் வந்தது. தேவைப்படும்போது மட்டும் மோட்டார் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இன்று விற்கும் கார்களில் பெரும்பாலானவை இந்த மின் பவர் ஸ்டீயரிங் கொண்டவை. கோடு தாண்டாமல் காரைத் தானே திருத்தி ஓட்டுவது, தானே பார்க்கிங் செய்வது போன்ற வசதிகளும் இந்த மோட்டார் இருப்பதால்தான் சாத்தியமாகின்றன.

இதன் இதயம் ஒரு சிறிய எஃகுக் கம்பி. முறுக்குத் தண்டு என்று அதைச் சொல்லலாம். ஸ்டீயரிங் கம்பத்தின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் இந்தத் தண்டுதான் இரண்டையும் இணைக்கிறது. மேல் முனை உங்கள் கையோடு திரும்பும். கீழ் முனையைச் சாலையின் எதிர்ப்பு பிடித்து வைத்திருக்கும். இழுபறியில் தண்டு சில பாகை மட்டும் முறுகும். சுற்றிப் பொருத்தப்பட்ட உணரி அந்த முறுகலை அளந்து, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். அந்தப் பெட்டிதான் இ.சி.யு. என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறு கணினி.

கம்பத்தின் இரு பாதிகளையும் ஒட்டவைக்காமல் விட்டதன் காரணம் இப்போது புலப்படும். ஸ்டீயரிங் எத்தனை பாகை திரும்பியது என்பது மட்டும் கணினிக்குப் போதாது. ஓட்டுநர் எவ்வளவு பலம் போடுகிறார் என்பதுதான் அதற்கு முக்கியமான கேள்வி. தண்டு அதிகம் முறுகினால் அதிகம் சிரமப்படுகிறார், குறைவாக முறுகினால் குறைவாகச் சிரமப்படுகிறார். காரின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்து, மோட்டார் எவ்வளவு துணைவிசை தரவேண்டும் என்று கணினி ஒரு நொடியில் பலநூறு முறை கணக்கிடுகிறது. ஊரும்போது நிறைய, ஓடும்போது கொஞ்சம்.

நின்றுபோனால் என்ன ஆகும்?

பவர் ஸ்டீயரிங் கெட்டால் கார் கட்டுப்பாட்டை இழந்து கண்டபடி ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் இரும்புத் தொடர்பு அப்படியேதான் இருக்கிறது. முறுக்குத் தண்டு ஓர் எல்லைக்கு மேல் முறுகாதபடி தடுப்புகள் உண்டு. அந்த எல்லையைத் தொட்டதும் கைபலம் நேராகக் கீழே போகும். காரைத் திருப்பலாம். ஆனால் கனக்கும்.

எவ்வளவு கனக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. ஸ்டீயரிங் பற்றிய ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதி 79-இன்படி, 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பயணிகள் காரை வளைக்க, எல்லாம் நன்றாக இருக்கும்போது வளையத்தின் விளிம்பில் 150 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. துணைவிசை செத்துப்போன நிலையில் 300 நியூட்டன் வரை போகலாம். 300 நியூட்டன் என்பது ஏறத்தாழ 30 கிலோ எடையைத் தூக்கும் பலம். பலசாலிக்கு அது பெரிதில்லை. வயதானவருக்கோ, கையில் பலம் குறைந்தவருக்கோ, வளைவின் நடுவில் திடீரென்று அது வந்து சேர்ந்தால்?

ஆபத்து இந்தத் திடீரில்தான் இருக்கிறது. எப்போதும் கனமாகவே இருக்கும் ஸ்டீயரிங்கை மனிதக் கை பழகிக்கொள்ளும். ஒரு நொடி லேசாகவும் மறுநொடி கனமாகவும் மாறினால், கை பழக்கப்பட்ட பலத்தை மட்டும் போடும். கார் வளைய வேண்டிய அளவு வளையாது. நாற்சந்தியில் வலப்பக்கம் திரும்பும் கார், திரும்பி முடிக்காமல் எதிர்ப்புறத் தடுப்பை நோக்கிப் போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் துணைவிசை தானாக அறுந்துபோவதில்லை. கணினி அதை வேண்டுமென்றே நிறுத்துகிறது. உணரியில் பொதுவாக இரண்டு தனித்தனி அளவீடுகள் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஒன்று இடப்பக்கம் என்றும் மற்றது நேர் என்றும் சொன்னால் எதை நம்புவது? தவறானதை நம்பி மோட்டாரை இயக்கினால் ஸ்டீயரிங் தானே ஒரு பக்கம் இழுக்கும். அது கனப்பதைவிடப் பல மடங்கு கொடியது. அதனால் சந்தேகம் வந்தவுடன் கணினி கையை எடுத்துக்கொள்கிறது. ஓட்டுநரின் கைபலமே மிச்சம் என்று விட்டுவிடுகிறது. இரண்டு கெட்டதில் சிறியதைத் தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பு இது.

ஃபோர்டு நிறுவனம் 2014-இல் வட அமெரிக்காவில் சுமார் 9.15 லட்சம் எஸ்கேப், மரைனர் கார்களைத் திரும்ப அழைத்தபோது நடந்தது இதுதான். ஸ்டீயரிங் கம்பத்தில் உள்ள திருப்புவிசை உணரியில் கோளாறு. உணரியின் தகவலை நம்ப முடியாதபோது துணைவிசை நின்றுபோனது. காரில் பழுதுக் குறி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப உணரியை அல்லது கம்பத்தையே மாற்றினார்கள். மற்றவற்றில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள்.

பதம் பார்க்க முடியாத பானை

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். இவ்வளவு நுணுக்கமாக வடிவமைத்துச் சோதிக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் குறை முன்கூட்டியே ஏன் தெரிவதில்லை?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அரிசி வெந்ததா என்று பார்க்க அது சரியான வழி. எல்லாப் பருக்கைகளும் ஒரே நெருப்பில் ஒரே நேரம் வெந்தவை. ஆனால் சோற்றில் கல் இருக்கிறதா என்று ஒரு பருக்கையைப் பிசைந்து சொல்ல முடியாது. நூறு பருக்கைகளைப் பிசைந்தாலும் முடியாது. கல் அரிதானது, அதைக் கண்டுபிடிக்க ஒட்டுமொத்தப் பானையையும் பலர் உண்ண வேண்டும். யார் பல்லில் பட்டதோ அவர் சொல்ல வேண்டும். கார்க் குறைபாடும் இந்தக் கல்லைப் போன்றதுதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் கதை இதற்குச் சான்று. அதன் செவர்லே கோபால்ட், பான்டியாக் ஜி5 கார்களில் ஓட்டும்போதே பவர் ஸ்டீயரிங் நின்றுபோகிறது என்று அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு 1,100-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. 14 விபத்துகள், ஒருவருக்குக் காயம். 2010 ஜனவரியில் நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியபோது சாலையில் ஓடிய அத்தகைய கார்கள் ஏறத்தாழ 9 லட்சம். கணக்குப் போட்டால் எண்ணூறு கார்களுக்கு ஒன்று என்ற அளவு.

எண்ணூறில் ஒன்று என்றால் தனி மனிதர் கண்ணுக்கு அது படவே படாது. உங்கள் தெருவில் அந்தக் கார் வைத்திருக்கும் யாருக்கும் அது நடந்திருக்காது. பணிமனை மெக்கானிக் ஆண்டுக்கு ஒன்றிரண்டைப் பார்த்திருப்பார். அதிலும் ஒரு சிக்கல். இத்தகைய மின் ஸ்டீயரிங் கோளாறு பெரும்பாலும் வந்து வந்து போகும். இன்ஜினை அணைத்து மீண்டும் இயக்கினால் கணினி புதிதாகத் தொடங்கும், ஸ்டீயரிங் பழையபடி லேசாகிவிடும். வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோனால் அங்கே எல்லாம் சரியாக இருக்கும். உங்கள் மனப்பிரமை என்று சொல்லி அனுப்பினாலும் வியப்பில்லை. ஆனால் ஆயிரம் பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே கதையைச் சொல்லும்போது அது பிரமையாக இருக்க முடியாது.

புகார்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து விசாரணையாளர்கள் முடிவுக்கு வந்துவிட முடியாது. அதிகம் விற்ற காருக்கு அதிகப் புகார் வருவது இயல்பு. எனவே எத்தனை கார்களுக்கு எத்தனை புகார் என்ற வீதத்தைக் கணக்கிட வேண்டும். அதே வயதுள்ள, அதே வகையைச் சேர்ந்த மற்ற கார்களின் வீதத்தோடு ஒப்பிட வேண்டும். எந்த மாதத்தில் தயாரான கார்கள், எத்தனை காலம் ஓடிய பிறகு, எந்த வட்டாரத்தில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தயாரான சில மாதங்களிலேயே கெட்டால் தொழிற்சாலைத் தவறு என்று ஊகிக்கலாம். காலம் ஆக ஆகப் பெருகினால் தேய்மானமோ துருவோ காரணமாக இருக்கலாம். கோபால்ட் விஷயத்தில் குறை காலப்போக்கில் உருவாகிறது என்றும், உத்தரவாதக் காலம் முடிந்த பழைய வண்டிகளில் தென்படுகிறது என்றும் நிறுவனம் சொன்னது. உத்தரவாதம் முடிந்த வண்டியை ஆட்கள் கம்பெனிப் பணிமனைக்குக் கொண்டுபோவது குறைவு. அதனால் நிறுவனத்தின் பதிவேடுகளில் அந்தப் பழுதுகள் சரியாக வந்து சேராது. உரிமையாளர்கள் நேரடியாக அரசுக்கு அனுப்பும் புகார்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன.

2010 மார்ச்சில் வட அமெரிக்காவில் சுமார் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மோட்டாரை மாற்ற நிறுவனம் ஒப்புக்கொண்டது. கதை அதோடு முடியவில்லை. அப்போது விடுபட்ட மாலிபு, சாட்டர்ன் அயன் உள்ளிட்ட வேறு மாடல்களையும் சேர்த்து, அமெரிக்காவில் மேலும் சுமார் 13 லட்சம் வண்டிகளை 2014 மார்ச் 31 அன்று அழைத்தது. சிலவற்றுக்கு உத்தரவாதத்தை நீட்டித்தது மட்டும் போதவில்லை என்று நிறுவனமே அப்போது ஒப்புக்கொண்டது. நான்கு ஆண்டுகள் அந்த வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

புகார்களைத் திரட்டி வண்டிகளைத் திரும்ப அழைக்கவைக்கும் இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததில்லை. ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞர் கார்களின் ஆபத்துகளைப் பற்றி 1965-இல் எழுதிய புத்தகம் அமெரிக்காவை உலுக்கியது. மறு ஆண்டே வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்த பிறகு, 2000-ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது. வாடிக்கையாளர் புகார்கள், உத்தரவாதக் கோரிக்கைகள், காயங்கள், மரணங்கள் ஆகியவற்றின் விவரத்தை நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை அரசுக்குத் தரவேண்டும் என்றது அது. பாதுகாப்புக் குறைபாடு இருப்பது உறுதியானால் 5 வேலை நாட்களுக்குள் அரசுக்குச் சொல்லியாக வேண்டும்.

வீங்கிய பல்சக்கரம்

குறை இருக்கிறது என்று அறிவது ஒரு பாதி. அது ஏன் வருகிறது என்று கண்டறிவது மறுபாதி. இந்த மறுபாதிக்கு அண்மைக்கால உதாரணம் ஹோண்டா.

2023 மார்ச்சில் அதே அமெரிக்கப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியபோது ஹோண்டா சிவிக் கார்கள் பற்றி அதன் கையில் இருந்தவை 145 புகார்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வர்ணனை: நெடுஞ்சாலையில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்டீயரிங் நடுவில் ஒட்டிக்கொள்கிறது, லேசாகத் திருப்பினால் அசைவதில்லை, கொஞ்சம் அழுத்தினால் பட்டென்று விடுபட்டு வேண்டியதைவிட அதிகம் திரும்புகிறது. அந்த ஆண்டு நவம்பரில் விசாரணை அடுத்த கட்டத்துக்கு, அதாவது பொறியியல் ஆய்வுக்குப் போனபோது புகார்கள் 1,300-ஐத் தொட்டிருந்தன. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 17 லட்சம் கார்களை ஹோண்டா திரும்ப அழைத்தது. சிவிக்கோடு சி.ஆர்-வி, எச்.ஆர்-வி, அக்யூரா இன்டெக்ரா ஆகியவையும் அதில் அடக்கம்.

என்ன நடந்தது? மோட்டார் வேகமாகச் சுற்றும். ஸ்டீயரிங் மெதுவாகவும் பலமாகவும் திரும்ப வேண்டும். வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்ட, மோட்டாரின் அச்சில் திருகாணி போன்ற புரிகள் கொண்ட ஓர் உருளையும், அந்தப் புரிகளில் பற்கள் பொருந்திச் சுற்றும் ஒரு பல்சக்கரமும் இருக்கும். பணிமனையில் இவற்றை வார்ம் என்றும் வார்ம் வீல் என்றும் சொல்வார்கள். சத்தம் வராமல் இருக்க, இவ்வகைப் பல்சக்கரத்தின் பற்களைப் பெரும்பாலும் நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். பற்களுக்கு இடையே ஆட்டம் இல்லாமல் இருக்க ஒரு சிறிய ஸ்பிரிங் உருளையைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். நடுவே கிரீஸ் படலம்.

வார்ம் வீல் சரியாகத் தயாரிக்கப்படவில்லை என்று ஹோண்டா கண்டறிந்தது. காலப்போக்கில் வெப்பமும் ஈரமும் பட்டு அது வீங்கியது. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பும் என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த பழைய விஷயம்தான். வீங்கிய பற்கள் புரிகளில் இறுக்கமாக அமர்ந்தன. கிரீஸ் படலம் மெலிந்தது. ஸ்பிரிங்கின் அழுத்தமும் அளவுக்கு மீறி வைக்கப்பட்டிருந்தது. மூன்றும் சேர்ந்து உராய்வைக் கூட்டின.

புகார்களில் அந்தப் பட்டென்று விடுபடும் குணம் ஏன் வந்தது என்பதும் இப்போது விளங்கும். அசையாமல் இருக்கும் இரண்டு பரப்புகளுக்கு இடையே உள்ள உராய்வு, அவை நகரத் தொடங்கிய பின் இருப்பதைவிட அதிகம். நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது நாம் அறியாமலே ஸ்டீயரிங்கை நூலிழை நூலிழையாகத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். அந்தச் சிறு திருத்தத்துக்குப் போடும் பலம், கூடிப்போன ஆரம்ப உராய்வை வெல்லப் போதாது. பலத்தைக் கூட்டுகிறோம். உராய்வு சட்டென்று உடைகிறது. கூட்டிய பலம் முழுவதும் திருப்பமாக மாறிவிடுகிறது. துணைவிசை சாகவே இல்லை, ஆனாலும் கார் கோணலாகப் போகிறது. பார்க்கிங்கில் இது பெரிதாகத் தெரியாது. அங்கே டயரின் எதிர்ப்புக்கு முன்னால் இந்த உராய்வு சின்னது. அதிவேகத்தில் தேவைப்படும் பலமே மிகக் குறைவு என்பதால் அங்கேதான் அது தலைதூக்குகிறது. 10,000-க்கும் மேற்பட்ட உத்தரவாதக் கோரிக்கைகள் வந்திருந்தன. காயம்பட்டதாகத் தகவல் இல்லை என்று நிறுவனம் சொன்னது. சரிசெய்த முறை எளிமையானது: ஸ்பிரிங்கை மாற்றி, கிரீஸைத் திரும்பப் பரப்பி, தேவையான இடத்தில் கூடுதலாக இட்டார்கள்.

பனிநாட்டுத் துரு

சில நேரம் குறை காரில் பாதியும் ஊரில் பாதியும் இருக்கும். டெஸ்லா நிறுவனம் 2018 மார்ச்சில், 2016 ஏப்ரலுக்கு முன் தயாரான சுமார் 1,23,000 மாடல் எஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. பவர் ஸ்டீயரிங்கின் போல்ட்டுகள் மிகக் குளிரான இடங்களில் அளவுக்கு மீறி அரித்துப்போயிருந்தன. போல்ட் உடைந்தால் துணைவிசை குறையும், அல்லது முற்றிலும் நிற்கும்.

ஏன் குளிரான இடங்களில்? அங்கே சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவார்கள். சில ஊர்களில் சாதாரண சோடியம் குளோரைடு. வேறு சில ஊர்களில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு. பின்னவை இன்னும் கடுங்குளிரிலும் வேலை செய்யும். ஆனால் அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளவை. காரின் அடியில் ஒட்டிய உப்பு காயாமல் ஈரமாகவே இருக்கும். ஈரமும் உப்பும் உலோகத்தோடு நெடுநேரம் இருந்தால் அரிப்பு நிச்சயம். இந்த இரண்டு உப்புகளை அடிக்கடி பயன்படுத்தும் இடங்களில்தான் சிக்கல் அதிகம் என்று நிறுவனம் குறிப்பிட்டது. அதே காரை வெயில் காயும் ஊரில் பத்தாண்டு ஓட்டினாலும் இந்தக் குறை வெளிவந்திருக்காது. அரிப்பைச் சோதிக்கச் சோதனைக்கூடத்தில் பயன்படுத்தும் உப்புத் தண்ணீரில் எந்த உப்பு இருக்கிறது என்பதுகூட உயிர்க்கேள்வி ஆகிவிடுகிறது.

மென்பொருளும் இப்போது இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் டெஸ்லா சுமார் 40,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களை அழைத்தது. இணையம் வழியாக அனுப்பிய ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பின், கரடுமுரடான சாலையிலும் குழியில் இறங்கும்போதும் துணைவிசை நின்றுபோகக்கூடும் என்பது காரணம். சாலை கொடுத்த உதறலைப் பழுது என்று மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டது. இணையம் வழியாகவே இன்னொரு புதுப்பிப்பை அனுப்பிச் சரிசெய்தார்கள். 2025 பிப்ரவரியில் சுமார் 3.76 லட்சம் மாடல் 3, மாடல் ஒய் கார்களுக்கும் அழைப்பு வந்தது. மின் சுற்றுப் பலகையில் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் ஏற்பட்டு, கார் நின்று மீண்டும் கிளம்பும்போது துணைவிசை போய்விடலாம் என்பது அதன் காரணம். அதற்கும் தீர்வு மென்பொருள்தான்.

லட்சம் கார்களும் கெட்டவையா என்ற முதல் சந்தேகத்துக்கு இங்கே பதில் கிடைத்துவிட்டது. இல்லை. பெரும்பாலானவை ஒருபோதும் கெட்டுப்போகாமல் இருக்கலாம். ஆனால் எது கெடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே வார்ம் வீல், ஒரே போல்ட், ஒரே உணரி எல்லாவற்றிலும் இருக்கிறது. எனவே எல்லாவற்றையும் அழைப்பதுதான் நேர்மையான வழி.

நம் நாட்டில்

இந்தியாவில் நெடுங்காலம் இது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. வாகன உற்பத்தியாளர் சங்கம் 2012-இல் தானாக முன்வந்து திரும்ப அழைக்கும் நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை அது மத்திய அரசுக்குத் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒரு மாடலின் ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டு எத்தனை புகார்கள் வந்தால் விசாரணை என்ற வரம்பை அந்த விதிகள் வகுத்தன. ஏழு ஆண்டுக்குட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். அரசு கட்டாயப்படுத்தி அழைக்கவைத்தால் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

நிறுவனங்கள் தாமாக அழைப்பதும் நடக்கிறது. மாருதி சுசுகி 2023 ஜூலையில் 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வாகனங்களை ஸ்டீயரிங் டை ராடு பாகத்துக்காக அழைத்தது. 2024 ஆகஸ்டில் 2,555 ஆல்டோ கே10 கார்களை ஸ்டீயரிங் கியர் பாக்ஸுக்காக அழைத்தபோது, பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றே சொன்னது. இவை துணைவிசைக் கோளாறுகள் இல்லை. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இரும்புத் தொடர்பின் கோளாறுகள். பவர் ஸ்டீயரிங் நின்றால் மிஞ்சுவது அந்தத் தொடர்புதான் என்பதால், இதை இன்னும் அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓட்டும்போது துணைவிசை நின்றுவிட்டால் என்ன செய்வது? ஸ்டீயரிங் படமிட்ட எச்சரிக்கை விளக்கு எரியும். பதற வேண்டாம், இரண்டு கையாலும் பிடித்து, இன்ஜினை அணைக்காமல், வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரம் கட்டுங்கள். வேகம் குறையக் குறைய ஸ்டீயரிங் இன்னும் கனக்கும் என்பதை எதிர்பார்த்தே திருப்புங்கள். மீண்டும் இயக்கியதும் சரியாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். எந்த வேகத்தில், எந்தச் சாலையில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு நடந்தது என்று எழுதி வையுங்கள். பணிமனையில் சொல்லி ஜாப் கார்டில் பதியவையுங்கள். அரசுக்கும் புகார் அனுப்புங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திரும்ப அழைக்கும் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போகும். கை மாறிய வண்டியின் இப்போதைய உரிமையாளருக்கு அது வந்து சேராமலே போகலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள 17 எழுத்து சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால், உங்கள் வண்டிக்கு அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பாகமும் கூலியும் இலவசம்.

திரும்ப அழைப்பு வந்தால் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிட்டது என்று நினைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். அந்தப் பயத்தால்தான் சில நிறுவனங்கள் தள்ளிப்போடுகின்றன, சில உரிமையாளர்கள் அழைப்பை அலட்சியம் செய்கிறார்கள். எந்தத் தொழிற்சாலையும் எண்ணூறில் ஒன்றாக வரும் குறையை, ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் வீங்கும் பிளாஸ்டிக்கை, ஏதோ ஓர் ஊரின் உப்பை முழுவதும் முன்னறிய முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கூடம் சாலைதான். அதன் சோதனையாளர்கள் அங்கே ஓட்டுகிற நாம்தான். 145 புகார்களிலிருந்து தொடங்கி 17 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றை எழுதிய ஒவ்வொருவரும் நமக்கு ஏன் வம்பு என்று பேசாமல் இருந்திருந்தால், குறை அப்படியே சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் ஸ்டீயரிங் ஒருநாள் விசித்திரமாக நடந்துகொண்டால், அதைச் சொல்லுங்கள். அந்தத் தகவல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.